பதினான்கு ஊசிகள்

2007 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நல்ல வெயில், அதோடு ஆடிக் காற்று. சிவகாசியில் அந்தக் காற்று மண்ணை மட்டும் கிளப்பாது. அச்சகங்களின் வாசலில் கிடக்கும் வெட்டுக் காகிதத்தையும் சேர்த்துக் கிளப்பும். அன்று என் சட்டைக் காலருக்குள் ஏதோ ஒரு சரவெடி லேபிளின் சிவப்பு ஓரம் புகுந்து உறுத்திக்கொண்டிருந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் பதினேழு படி ஏறி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஒரு அம்மாவின் மேஜைமேல் ஒரு கேபிளை வைத்தேன். இதில் ஒரு ஊசி குறைகிறது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

கம்ப்யூட்டருக்கும் திரைக்கும் நடுவே போகிற கேபிள் அது. இரண்டு முனையிலும் தலை போல ஒன்று இருக்கும். தலைக்குள் மூன்று வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள். கடைக்காரர்கள் அதை பின் என்பார்கள். முந்தின நாள் மாலை அவரிடம் இருநூற்று இருபது ரூபாய்க்கு வாங்கிப் போயிருந்தேன். போய் எண்ணினேன். கம்ப்யூட்டரின் முதுகில் பதினைந்து துளை. கேபிளின் தலையில் பதினான்கு ஊசி. நடு வரிசையில் நான்காவது இடம் காலி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை எண்ணினேன். பதினான்குதான்.

அவர் கேபிளை வாங்கித் தலையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் யார் முகத்தையும் அதிகம் பார்க்க மாட்டார்.

"நீங்க எண்ணினது சரிதான் சார். ஒன்பதாவது பின்னு இருக்காது. அது கழண்டு விழுகல, வைக்கவே இல்ல. அதுல ஒரு சோலியும் கிடையாது."

சோலி இல்லாத இடத்துக்குத் துளை எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் இன்னொரு தரம் விளக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு நூறும் ஒரு இருபதும் எடுத்து வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. தப்பு இல்லாதவர் இவ்வளவு சுலபமாகப் பணத்தைத் திருப்பித் தருவாரா?

நான் அப்போது ஒரு ஆப்செட் அச்சகத்தில் கணக்கும் கொள்முதலும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பத்து மூன்று ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த வேலை. வயது அறுபத்தொன்று. பண்டகசாலையில் மூட்டையை எண்ணாமல் கையெழுத்துப் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தவன் நான். அதனால் எண்ணுவேன். அச்சகத்துக்கு வருகிற காகிதத்தில் ஒரு ரீமைப் பிரித்து ஐந்நூறு தாள் இருக்கிறதா என்று எண்ணிய பிறகுதான் வண்டிக்காரரை விடுவேன். இதனால் எனக்கு ரத்த அழுத்தம் வந்தது என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம்.

ஜூன் மாதம் எங்கள் முதலாளி பதினேழு அங்குலத் தட்டைத் திரை ஒன்று வாங்கியிருந்தார். அச்சகம் என்றால் மைதாப் பசை இருக்கும், பசை இருந்தால் எலி இருக்கும். திரையோடு வந்த கேபிளை இரண்டே மாதத்தில் எலி கடித்துவிட்டது. அதற்குத்தான் புதுக் கேபிள்.

அந்த அம்மாவின் கடை ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வார், உதிரி சாமான் விற்பார். பெயர்ப்பலகை கிடையாது. கடையில் நாற்காலி ஒன்றுதான், அதில் அவர் உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போக வேண்டும். பேரம் என்ற பேச்சு இல்லை. பேரம் பேச ஆரம்பித்தால் பதிலே வராது. நீங்கள் பேசி முடிக்கும்வரை ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஊரில் அவரை வெட்டுக்கார அம்மா என்பார்கள். மற்ற கடைக்காரர்கள் வைத்த பெயர். காரணம் உண்டு. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு கட்டுக் கேபிள் வந்தால், அதில் ஒன்றை எடுத்து, பிளேடால் தலையிலிருந்து வால்வரை நீளமாகக் கீறிப் பிளந்து பார்ப்பார். உள்ளே எத்தனை கம்பி, எவ்வளவு கனம், சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் போகிற மூன்று கம்பிகளுக்கும் தனித்தனியாக உலோக வலை போர்த்தியிருக்கிறதா, தலைக்குள் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, எல்லாம் பார்ப்பார். சரியாக இருந்தால் மீதி உள்ள ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவார். கட்டு எண், வெட்டிய தேதி. இல்லையென்றால் கட்டு முழுவதும் திரும்பிப் போகும். வெட்டிய கேபிள்கள் ஜன்னல் கம்பியில் உரித்த மீன் மாதிரி வரிசையாகத் தொங்கும். நான் திருப்பிக் கொடுத்த கேபிளிலும் சீட்டு இருந்திருக்கும். நான் ஊசியை எண்ணினேனே தவிர சீட்டைப் படிக்கவில்லை.

இருநூறு ரூபாய்ச் சாமானை இப்படி வேண்டுமென்றே அழிக்கலாமா என்று பின்னொரு நாள் கேட்டேன். அப்போது எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டிருந்தது. அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். அவருடைய அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரிப் பிரிவில் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் இவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு கட்டுத் திரியிலும் ஒன்றை உருவிப் போய், தள்ளி இருக்கிற பொட்டலில் வைத்துக் கொளுத்தி, எரிந்து முடிக்கும்வரை வாய்விட்டு எண்ணுவார்கள். சீக்கிரம் எரிந்து முடிந்தால் அந்தக் கட்டு முழுவதும் தண்ணீருக்குள் போகும். சீசன் நேரத்தில் கணக்கப்பிள்ளை அவசரப்படுத்துவாராம். அவருடைய அம்மா அசைய மாட்டாராம். ஒன்று எரியாமல் கட்டு நகராது.

"ஒண்ணை இதுக்குன்னே விட்டுறணும் சார். அது போனாத்தான் மத்ததுக்கு நாம வாக்குக் குடுக்க முடியும்."

அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பதிலுக்குப் பயந்துகொண்டுதான் கேட்போம்.

"நல்லா இருக்கா. முப்பது வருசம் பாத்தா. பத்து விரலும் இருக்கு. நீங்க வேணா வந்து எண்ணிக்கோங்க."

அவர் சிரித்து நான் பார்த்த மூன்று தடவைகளில் அது ஒன்று.

அவருடைய கணவர் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். கலகலப்பான மனிதர். கடைக்குச் சாப்பாட்டுத் தூக்குவாளி கொண்டு வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார். "நல்லவேளை சார், எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்ல. இருந்திருந்தா, என்னைக் கட்டுறதுக்கு முன்னால அவனை வெட்டிப் பாத்திருப்பா" என்று ஒரு நாள் சொன்னார். அந்த அம்மா தூக்குவாளியைத் திறந்து, மோந்து பார்த்து, ரசத்தில் உப்பு கூட என்றார். இன்னும் வாயில் வைக்கவில்லையே என்றார் கணவர். வைத்த பிறகு பார்த்தால் கூடத்தான் இருந்ததாம். அதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்த வீட்டுக்கு, எந்த ஆபீசுக்குப் போனாலும், வணக்கம் சொல்வதற்கு முன்னால் குனிந்து திரையின் முதுகைப் பார்ப்பார். கேபிள் தலையின் இரண்டு பக்கமும் இரண்டு திருகு இருக்கும். பெரும்பாலோர் அதை முறுக்குவதே இல்லை, சொருகிவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் விரலால் தொட்டுப் பார்த்து முறுக்கிவிட்டுத்தான் நிமிர்வார். பாதி ரிப்பேர் அதிலேயே முடிந்துவிடும். அதற்குக் காசு வாங்க மாட்டார். ஆனால் திட்டுவார். ஒரு வக்கீல் வீட்டில் அப்படித் திட்டியதில் அவர்கள் பிறகு கூப்பிடவில்லை. தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டிலும் அதே கதைதான்.

விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் நடப்பதைச் சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பவர்களும் பார்க்கும்படி புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் மேடைக்குப் பக்கத்தில், புரொஜெக்டர் அந்தக் கோடியில். மண்டப மேனேஜர் ஐம்பதடிக் கேபிள் கேட்டு இவரிடம் வந்தார். நான் அப்போது கடையில் நின்றுகொண்டிருந்தேன். இவர் தன்னிடம் இருந்த நீளக் கேபிளைக் காட்டினார். கட்டைவிரல் தடிமன். விலையைக் கேட்டதும் மேனேஜர் பின்வாங்கி, அதே நீளத்தில் மெல்லிசாக ஒன்று போதும் என்றார். இவர் மாட்டேன் என்றார். மெல்லிசுக் கேபிளில் அவ்வளவு தூரம் போனால் படத்துக்கு நிழல் விழும். காசு கம்மியாக வேண்டுமென்றால் கேபிளைக் குட்டையாக வாங்கிக்கொண்டு இடத்தை மாற்றுங்கள் என்றார்.

"அப்ப மாப்பிள்ளையத் தூக்கிட்டுப் போயி புரொஜெக்டர் பக்கத்துல உக்கார வைக்கச் சொல்றீகளா?"

"மாப்பிள்ளை அங்கனயே இருக்கட்டும். கம்ப்யூட்டரைத் தூக்குங்க."

மேனேஜர் வேறு கடையில் மெல்லிசாகவே வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்து அந்த மண்டபத்தில் எங்கள் முதலாளி வீட்டு உறவுமுறையில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன், அந்த அம்மாவும் வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்தபடி எல்லாரும் திரையைப் பார்த்தோம். ஒவ்வோர் ஆளுக்கும் வலப்பக்கம் மங்கலாக இன்னோர் ஆள் ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குப் பின்னால் அதே புடவையில் இன்னொரு பெண். என் பக்கத்து இலைக்காரர், மாப்பிள்ளை இரண்டு பேரைக் கட்டுகிறார், மொய் ஒன்று வைத்தால் போதுமா என்று கேட்டார். அந்த வரிசையே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. தான் சொன்னது பலித்ததில் அவருக்குச் சந்தோஷமும் இல்லை. சாம்பார் ஊற்றிய இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கையைக் கழுவி, மேடைப் பக்கம் போய், அங்கிருந்த இரண்டு பையன்களை அதட்டிக் கம்ப்யூட்டரைத் தூக்கி வரச்செய்து, தன் கைப்பையிலிருந்து மூன்றடிக் கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினார். காமிராவின் கம்பியை மட்டும் மேடைவரை இழுத்துவிட்டார். அதைத் தூரம் பாதிக்காது என்றார். திரையில் மாப்பிள்ளைக்கு ஒரு பெண்தான் மிஞ்சினாள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வந்திருந்தவரின் கைப்பையில் சீப்பு, சில்லறை, ஒரு மூன்றடிக் கேபிள். திரும்பி வரும்போது இலையை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் பாயசம் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணம் கல்யாணம் இல்லை. கிளி.

அவரிடம் பணத்தைத் திருப்பி வாங்கிய அன்றே, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு கேபிள் வாங்கினேன். ஊதா நிறத் தலை, பளபளப்பு. கடையிலேயே மூன்று முறை எண்ணினேன். பதினைந்து ஊசி, ஒன்றும் குறையவில்லை. நூற்று முப்பது ரூபாய் மிச்சம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். கடை மாறியதை முதலாளியிடம் சொல்லவில்லை.

எங்கள் டிசைனர் கருப்பசாமி. நாற்பதை நெருங்குகிறவன், படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். லேபிளில் இருக்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து நிறம் சேர்ப்பது அவன் வேலை. செப்டம்பர் முதல் வாரத்தில் அவன் என்னிடம் வந்து, திரை ஒரு மாதிரி மஞ்சளாகத் தெரிகிறது என்றான். எனக்கு அப்படித் தெரியவில்லை. உன் கண்ணில்தான் மஞ்சள், மதுரைக்குப் போய்க் காட்டு என்றேன். பாவம், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் காட்டினான். டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று சொட்டு மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தாராம். வந்தவன் அதற்குப் பிறகு மஞ்சளைப் பற்றிப் பேசவில்லை. தான் போடுகிற நிறத்தில்தான் மஞ்சள் கூடிவிடுகிறது போல என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறவரை மஞ்சளைக் குறைத்துக்கொண்டே வந்தான்.

அந்தச் சமயத்தில் சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆர்டர் வந்தது. தரைச்சக்கரப் பெட்டிக்கு லேபிள், தாளுக்கு எட்டாக நாற்பதாயிரம். பெட்டியின் அளவு பெரிதானதால் படத்தைப் புதிதாகப் போட வேண்டும். படம், மரக்கிளையில் ஒரு பச்சைக் கிளி. அந்தக் கம்பெனிச் சரக்கு பெரும்பாலும் வடக்கே போகிறது. அங்கே வாங்குகிறவர்களுக்குத் தமிழும் தெரியாது, கம்பெனிப் பெயரும் தெரியாது. பச்சைக் கிளி என்று சொல்லித்தான் கேட்டு வாங்குவார்களாம். வழக்கமாக நிறத்துக்கு ஒரு தாள் அடித்துக் காட்டிச் சம்மதம் வாங்குவோம். சீசன் அவசரம். கம்பெனியிலிருந்து வந்தவர் திரையிலேயே பார்த்தார். கிளி நன்றாக இருக்கிறது, அடிங்கள் என்று சொல்லிவிட்டு, வாசலில் அணைக்காமலே நிறுத்தியிருந்த பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

லேபிள் போய்ச் சேர்ந்த மறுநாள் அந்தக் கம்பெனி முதலாளியின் மகன் ஒரு கட்டோடு வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு லேபிளை எடுத்து எங்கள் முதலாளியின் மேஜைமேல் விரித்தார்.

"அண்ணாச்சி, நாங்க கிளி கேட்டோம். நீங்க மீன்கொத்தி குடுத்திருக்கீக."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அலகு சிவப்பாக இல்லை, ரோஜா நிறம். உடம்பு பச்சையாக இல்லை, நீலம் ஓடிய ஏதோ ஒரு நிறம். நாற்பதாயிரமும் அப்படித்தான்.

வேறு அடித்துத் தருகிறோம் என்று கையைப் பிடித்து அனுப்பிவிட்டு, எங்கள் முதலாளி கருப்பசாமியைக் கூப்பிட்டார். திரையில் பச்சையாகத்தான் இருந்தது என்றான் அவன். போட்டுக் காட்டினான். பச்சையாகத்தான் இருந்தது. திரையில் பச்சை, தாளில் நீலம், அப்படியென்றால் நடுவில் நீதான் எதையோ அமுக்கித் தொலைத்திருக்கிறாய் என்றார் முதலாளி.

"ஏலே, பத்து ரீம் போச்சுலே. சனிக்கிழமை வந்து கணக்கை முடிச்சுக்கோ."

அது புதன்கிழமை. கருப்பசாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் மஞ்சள் என்று சொன்ன ஆள் நான்தான் என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும். நான் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்கு அப்படியும் மனசு ஒப்பவில்லை. திரை கெட்டுப்போயிருக்கலாம், சீசன் முடியும்முன் வேறு வாங்கிவிடலாம் என்று அந்த அம்மாவுக்கு ஆள் அனுப்பினார். மாலை நாலு பத்துக்கு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. யாரையும் பார்க்காமல் நேராகத் திரையின் முதுகுக்குக் குனிந்தார். திருகைத் தொட்டார். இரண்டும் இறுக்கமாக இருந்தன, நானே முறுக்கியவை. பிறகு கேபிளின் கழுத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் மெல்ல வளைத்தார். திரையில் கிளி துடித்தது. ஒரு நொடி வாடிய மஞ்சள், மறு நொடி பச்சை.



அந்தக் கேபிளைக் கழற்றினார். கைப்பையிலிருந்து மூன்றடிக் கேபிளை எடுத்து மாட்டி, திருகுகளை முறுக்கினார். திரை எழுந்தது. அதில் மரக்கிளையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. மேஜையில் கிடந்த லேபிளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒன்று. கருப்பசாமி பின்னால் இருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

நீல நிறம் போகிற கம்பி சரியாகப் பிடிக்கவில்லை, நீலம் குறைந்தால் எல்லாம் மஞ்சளாகத் தெரியும், மஞ்சளாகத் தெரிந்தால் இவர் மஞ்சளைக் குறைத்திருப்பார், கண்ணை நம்பி வேலை செய்கிறவர் வேறென்ன செய்வார் என்று அந்த அம்மா முதலாளியிடம் சொன்னார். அவ்வளவுதான். பிறகு, இதை வெட்டட்டுமா என்று கேட்டார். முதலாளி தலையசைத்தார். தாள் வெட்டுகிற பிளேடை வாங்கித் தலையிலிருந்து ஒரு முழம் கீறினார். தோலை விரித்து மேஜைமேல் வைத்தார்.

"சார், நீங்க எண்ணுங்க."

என்னைத்தான் சொன்னார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். தலையில் பதினைந்து ஊசி. உள்ளே மயிர்போல ஒன்பது கம்பி. வலை இல்லை. மீதி ஆறு ஊசிகள் எதனோடும் சேராமல் சும்மா நின்றன. அந்த ஒன்பதில் நீலத்தின் நுனி ஈயத்தில் பாதி ஒட்டி, பாதி விட்டுக் கிடந்தது. ஒன்பது என்று சொன்னேன்.

"இது உங்க கடையில வாங்கினதாம்மா?" என்று கேட்டார் முதலாளி.

"எங்க கடைச் சரக்கு இல்ல அண்ணாச்சி."

அவருக்குத் தெரியும். தன்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் வேறு எங்கோ வாங்கியிருக்கிறேன் என்பது அந்த நேரம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், பொய் அவருக்கு வராது. கேட்கப்பட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, பிளேடைத் தாளில் மடித்து வைப்பதில் மும்முரமாக இருந்தார். முதலாளியின் பார்வை கருப்பசாமி பக்கம் திரும்பியது. நீதான் எங்கேயோ போய் மலிவாக வாங்கினாயா என்று கேட்பதற்கு அவர் வாயைத் திறந்துவிட்டார். கருப்பசாமி என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அவனும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பேசுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் ஏழு விநாடி. சுவர்க் கடிகாரம் எதிரில் இருந்தது.

"நான் வாங்கினது" என்றேன். "இந்த அம்மா குடுத்த நல்ல கேபிள்ல ஒரு ஊசி குறையுதுன்னு திருப்பிக் குடுத்துட்டு, பதினஞ்சு இருக்குன்னு இதை வாங்கிட்டு வந்தேன். கருப்பசாமி திரை மஞ்சளா இருக்குன்னு சொன்னான். நான்தான் கண்ணைப் பாருன்னு அனுப்பினேன்."

 காகிதம், அச்சுத் தகடு, மை மூன்றும் என் பொறுப்பு என்று முதலாளியிடம் சொன்னேன். வேண்டாம் சார், வயசான காலத்தில் என்று மறுப்பார் என எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. மிஷின் கூலியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகு கருப்பசாமியிடம் திரும்பி, எழுந்து கிளிக்கு மஞ்சளைப் போடுலே என்றார். அவன் எழுந்து கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சனிக்கிழமைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அந்த அம்மா தன் மூன்றடிக் கேபிளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். வேறு தருகிறவரை அது ஓடட்டும் என்றார். நான் கேட்வரை பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. ஆகஸ்டில் நான் திருப்பிக் கொடுத்த கேபிளையே எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள், அது நல்லது என்று இப்போது தெரிந்துவிட்டது என்றேன்.

"அது இல்ல சார். நீங்க குடுத்துட்டுப் போன அன்னைக்கே வெட்டிட்டேன்."

ஏன் என்று கேட்டேன். அந்தக் கட்டில்தான் ஏற்கெனவே ஒன்றை வெட்டிப் பார்த்தாயிற்றே, சீட்டு ஒட்டியாயிற்றே.

"நீங்க எண்ணிட்டு வந்து சொல்றீக. ஒருவேளை நீங்க சொல்றது சரியா இருந்து, பின்னு உடைஞ்சு உள்ள கெடந்தா? நான் வைக்கவே இல்லன்னு வாயால சொல்லிட்டேன். வெட்டிப் பாக்காம எப்படி சார் நம்புறது?"

உடைந்திருந்ததா என்று கேட்டேன்.

"இல்ல. நல்லா இருந்துச்சு."

நான் சட்டைப்பையிலிருந்து இருநூற்று இருபது ரூபாய் எடுத்து நீட்டினேன். அது என்னால் போன கேபிள். அவர் கையை நீட்டவே இல்லை. என் சந்தேகத்துக்கு நான் வெட்டியது, அதற்கு நீங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும் என்றார். சைக்கிள்களுக்கு நடுவே வழி பார்த்து நடந்து போய்விட்டார். 2010 வாக்கில் கடையைச் சாத்தூருக்கு மாற்றிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் இன்னும் இரண்டு தடவை நீட்டிப் பார்த்தேன், வாங்கவில்லை.

காகிதமும் அச்சுத் தகடும் மையும் பதினோராயிரத்து நாற்பது. பஸ் ஸ்டாண்டுக் கேபிளின் தொண்ணூறை அச்சகக் கணக்கில் நானே கட்டினேன். அவரிடம் வாங்கிய புதுக் கேபிள் இருநூற்று இருபது. அதில் பதினான்கு ஊசி. கருப்பசாமி மதுரைக்குக் கண் காட்டப் போய் வந்த செலவு நூற்று முப்பது. அவன் வேண்டாம் என்றான், சட்டைப்பையில் திணித்தேன். அந்த அம்மா வாங்க மறுத்ததைச் சேர்க்காமல், மொத்தம் எனக்கு ஆனது பதினோராயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.